நிலம் பக்கவாட்டில் நழுவும்போது

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் பாறையின் உள்பக்கம் அப்படியே தெரியும். சாம்பலும் கறுப்புமான அந்தப் பாறைக்குள் அங்கங்கே வெள்ளைக் கோடுகள் ஓடும். போன மாதம் அப்படி ஓரிடத்தில் வண்டியை ஓரங்கட்டியபோது அக்கா மகள் ஒரு கோட்டைக் காட்டினாள். நேராக வந்த வெள்ளைக் கோடு பட்டென்று நின்று, ஒரு சாண் தள்ளி மறுபடி தொடங்கி, அதே கனத்தில் அதே சாய்வில் போய்க்கொண்டிருந்தது.

"மாமா, இங்க பாறை பிளந்துருச்சா?"

"பிளக்கல கண்ணு, நழுவிருச்சு."

அவளுக்கு அது பிடிபடவில்லை. நிலநடுக்கம் என்றால் தரை வாய் பிளந்து வண்டியையும் வீட்டையும் விழுங்குவதைத்தான் அவள் திரையில் பார்த்திருக்கிறாள். அந்தப் படத்தை அவள் மனதிலிருந்து எடுக்க அன்று மலை இறங்கும்வரை பேச வேண்டியிருந்தது. பேசியதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். பெரும்பாலும் பாலைவனங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். காரணம், நிலம் நழுவிய தடத்தைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் ஒரு சின்ன சோதனை. கட்டம் போட்ட பழைய லுங்கி ஒன்றைத் தரையில் விரியுங்கள். நடுவே நேராகக் கத்தரியுங்கள். ஒரு பாதியை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மறு பாதியை வெட்டின ஓரத்தோடு ஒட்டியபடியே நான்கு விரல் தள்ளுங்கள். இரண்டு துணிக்கும் நடுவே இடைவெளி எதுவும் விழாது. ஆனால் குறுக்கே ஓடும் கோடுகளில் ஒன்றுகூடப் பொருந்தாது. வெட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருவர்கூட, கோடுகள் அறுந்து விலகியிருக்கும் வரிசையை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

நிலத்தில் அந்த வெட்டுக்குப் பெயர் பிளவுப் பெயர்ச்சி. சுருக்கமாகப் பிளவு என்றே சொல்வோம், வாய் பிளந்த பள்ளம் என்ற நினைப்பை மட்டும் விட்டுவிடுவோம். 10 கிலோமீட்டர் ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் எடை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை டன்னுக்கு மேல் வருகிறது. ஒரு கட்டைவிரல் நகம் அளவு இடத்தின் மேல் அவ்வளவு பாரம். அந்த அழுத்தத்தில் எந்த இடுக்கும் திறந்து நிற்க முடியாது. பெரிய நிலநடுக்கத்தின்போது தரையில் வெடிப்புகள் விழுவது உண்மைதான், ஆனால் அது மேல்தோல் கிழிவது போல. உள்ளே நடப்பது இரண்டு பாறைப் பரப்புகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்வது.

எப்படி நகர்கிறது என்பதைப் பொறுத்துப் பிளவுகளை வகை பிரிக்கிறார்கள். ஒரு பக்கம் வழுக்கிக் கீழே இறங்கலாம். ஒரு பக்கம் மற்றதன்மேல் ஏறி உட்காரலாம், இமயமலை அடிவாரத்தில் நடப்பது போல. மேலும் ஏறாமல் கீழும் இறங்காமல் பக்கவாட்டில் மட்டும் நகர்ந்தால் அது பக்கவாட்டுப் பெயர்ச்சிப் பிளவு. லுங்கியில் செய்தது இதைத்தான்.

பக்கவாட்டு நகர்விலும் இரண்டு திசை உண்டு: வலம், இடம். இதைப் புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும், சாலையில் நின்றால் உடனே புரியும். நீங்கள் ஓமலூர் சாலையில் வடக்கு நோக்கிப் போகிறீர்கள். நம் ஊர் விதிப்படி இடப்பக்கம் போகிறீர்கள். எதிர்ப்பக்கத்து வண்டிகளைத் திரும்பிப் பாருங்கள், அவை உங்கள் வலக்கைப் பக்கமாகப் போகும். எதிரே வருகிறவர் உங்களைப் பார்த்தாலும் நீங்கள் அவருடைய வலக்கைப் பக்கமாகத்தான் போவீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எதிர்ப்பக்கம் வலமாக நகர்ந்தால் அது வலப்பெயர்ச்சிப் பிளவு. உலகத்தில் அதிகம் படிக்கப்பட்ட பிளவான கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் இந்த வகை. அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் அவர்கள் சாலை இடப்பெயர்ச்சி. ஆகவே அந்த ஊர் நிலம் நம் ஊர் சாலை விதிப்படி நகர்கிறது என்று நினைவு வைத்துக்கொண்டால் மறக்காது. அக்கா மகள் அடுத்த மூன்று வளைவுகளிலும் எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்து "வலப்பெயர்ச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

சான் ஆண்ட்ரியாஸ் 1,200 கிலோமீட்டருக்குக் குறையாத நீளம். கன்னியாகுமரியிலிருந்து கிளம்பித் தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திராவுக்குள் வெகுதூரம் போகும் தொலைவு. பூமியின் பாறை ஓடு ஒரே துண்டாக இல்லை, மெல்ல நகரும் பெரிய துண்டுகளாக இருக்கிறது. அவற்றைத்தான் தட்டுகள் என்கிறார்கள். இதன் மேற்கே பசிபிக் தட்டு, கிழக்கே வட அமெரிக்கத் தட்டு. மேற்குப் பக்கம் வடமேற்காகப் போய்க்கொண்டிருக்கிறது. 1895-இல் ஆண்ட்ரூ லாசன் என்ற புவியியலாளர், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே இருந்த ஒரு சின்னப் பள்ளத்தாக்கின் பெயரை இதற்கு வைத்தார். அப்போது இது எவ்வளவு நீளம் என்று அவருக்கே தெரியாது. 1906 ஏப்ரல் 18 விடியற்காலையில் 470 கிலோமீட்டருக்கு மேல் இது ஒரே மூச்சில் நழுவியபோதுதான் நீளத்தின் ஒரு பகுதி வெளியே தெரிந்தது. நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் சான் பிரான்சிஸ்கோவை அழித்தன, ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள்.

அந்தப் பேரழிவுக்குப் பின் வேலிகளை அளந்தார்கள். பிளவைக் குறுக்காகக் கடந்து நேராகப் போட்டிருந்த பண்ணை வேலிகள் அறுந்து பல அடி தள்ளி நின்றன, நம் மலைப்பாதையின் வெள்ளைக் கோடு மாதிரியே. ஹாரி ஃபீல்டிங் ரீட் என்பவர் அந்த அளவீடுகளோடு, நிலநடுக்கத்துக்கு முந்தைய பல ஆண்டு நில அளவைக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தார். பிளவிலிருந்து தூரத்தில் இருந்த இடங்கள், நிலம் நடுங்குவதற்கு வெகு முன்பிருந்தே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. 1910-இல் அவர் சொன்ன விளக்கம்தான் இன்றும் நிலநடுக்கப் பாடத்தின் அடித்தளம்.

அதையும் வீட்டில் செய்து பார்க்கலாம். மொட்டைமாடித் தரையில் ஒரு செங்கல் வையுங்கள். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து ஒரு நீளப் பட்டை எடுத்துச் செங்கல்லில் கட்டுங்கள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மிக மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். உங்கள் கை நகர்கிறது, செங்கல் நகரவில்லை, ரப்பர் நீள்கிறது. கை இன்னும் நகர்கிறது, ரப்பர் இன்னும் நீள்கிறது. திடீரென்று செங்கல் தடக்கென்று ஒரு சாண் பாய்ந்து நிற்கும். மறுபடியும் அமைதி, மறுபடியும் இழுவை.

கைதான் புவித் தட்டு, அது நிற்பதே இல்லை. தரையோடு செங்கல்லைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வுதான் பூட்டிக் கிடக்கும் பிளவு. ரப்பர் என்பது பிளவின் இருபுறமும் பல கிலோமீட்டர் அகலத்துக்கு உள்ள பாறை. ஆம், பாறை வளையும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து அந்த விசையைச் சேமித்து வைக்கும். உராய்வு தாங்காத நொடியில் பல ஆண்டுச் சேமிப்பு சில நொடிகளில் வெளியே வருகிறது. நாம் நடுக்கமாக உணர்வது அந்தப் பாய்ச்சலின் அலைகளை.

செங்கல்லைப் பத்து முறை இழுத்துப் பாருங்கள். இழுக்கும் வேகம் ஒன்றாகவே இருந்தாலும் பாய்ச்சல்கள் ஒரே அளவாக இருக்காது, நடுவே வரும் காத்திருப்பும் ஒன்றுபோல இருக்காது. இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும். பிளவின் சில பகுதிகள் பூட்டிக்கொள்வதே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சான் ஆண்ட்ரியாஸின் நடுப்பகுதி ஒன்று எண்ணெய் போட்டது போலச் சத்தமில்லாமல் ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஊர்கிறது. அங்கே பெரிய நிலநடுக்கம் இல்லை, பிளவின் மேல் கட்டிய சுவர்கள்தான் மெல்ல வளைகின்றன.

சரி, பாலைவனத்துக்கு வருவோம்.

ஏற்காட்டில் ஒரு பிளவு நேற்று நகர்ந்திருந்தாலும் நாளை அதைக் கண்டுபிடிப்பது சிரமம். காப்பித் தோட்டம், சில்வர் ஓக், மிளகுக்கொடி, அதற்கடியில் உதிர்ந்த இலை, அதற்கும் அடியில் செம்மண். ஒரு ஐப்பசி மழை போதும், அறுந்த ஓரங்களைக் கரைத்து மூடிவிடும். வறண்ட நிலத்தில் மூடுவதற்கு மரமும் இல்லை, கரைப்பதற்கு மழையும் இல்லை. நூற்றாண்டுகளுக்கு முன் நடந்தது போன வாரம் நடந்த மாதிரி கிடக்கும்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் கரிசோ சமவெளி என்று ஒரு வறண்ட புல்வெளி. மலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடை நேராகச் சமவெளிக்கு வருகிறது. பிளவைத் தொட்டதும் சட்டென்று வலப்பக்கம் திரும்பி, பிளவின் ஓரமாகவே 130 மீட்டர் ஓடி, மறுபடி திரும்பித் தன் பழைய திசையில் போகிறது. பிளவின் அந்தப் பக்கத்தை நிலநடுக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போக, ஓடை தன் மறுபாதியைத் தேடி அவ்வளவு தூரம் ஓட வேண்டியதாகிவிட்டது. பிளவுகளை வாழ்நாள் முழுக்கப் படித்த ராபர்ட் வாலஸ் என்ற புவியியலாளரின் பெயரால் அதை வாலஸ் ஓடை என்கிறார்கள். வானிலிருந்து எடுத்த அதன் படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்குப் பக்கவாட்டுப் பெயர்ச்சி என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஓடை தன் கரையில் புதைத்து வைத்திருந்த கரித்துண்டுகளின் வயதைக் கணித்து, கெரி சீ, ரிச்சர்ட் யான்ஸ் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட கணக்கு இது: 130 மீட்டர் விலக ஏறக்குறைய 3,700 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பக்கத்திலேயே ஓடை கைவிட்டுப் போன ஒரு பழைய தடம் இருக்கிறது. அது 475 மீட்டர் விலகியிருக்கிறது, அதற்கு ஆன காலம் 13 ஆயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல். வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஆண்டுக்கு 35 மில்லிமீட்டர் வாக்கில் வரும். இரண்டு விரல் அகலம். தனித்தனியாக அளந்த இரண்டு தடங்களும் ஒரே விடையைச் சொல்வது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தருகிறது.

இந்த வேகம் தெரிந்தால் வரவு செலவு எழுதலாம். 1857 ஜனவரி 9 அன்று இதே சமவெளி வழியாகப் பிளவு 7.9 அளவில் பாய்ந்தது. ஓரிடத்தில் நிலம் ஒரே தடவையில் 9 மீட்டர் வரை நகர்ந்தது. அந்த 9 மீட்டர், ஏறக்குறைய 260 ஆண்டுச் சேமிப்பு. அன்று அந்தப் பகுதியில் மக்கள் மிகக் குறைவு என்பதால் பதிவான உயிரிழப்பு இரண்டுதான். அதன் பிறகு 160 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பகுதி பூட்டியே கிடக்கிறது. கணக்குப்படி 5 மீட்டருக்கு மேல் இழுவை சேர்ந்திருக்கிறது. இன்னும் தெற்கே, சால்டன் ஏரிப் பக்கம் போகும் பாலைவனப் பகுதி 300 ஆண்டுகளாகப் பெரிய அளவில் நகரவில்லை. அந்த ஏரிக்கரையில் பிளவு முடியும் இடத்துக்கு அருகே இருக்கும் சிற்றூருக்குப் பெயர் பாம்பே பீச். நம் காதுக்கு ஏதோ பக்கத்து ஊர் மாதிரி இருக்கிறது.

இந்த இடத்தில் அக்கா மகள் கேட்டாள்: "அப்ப எப்ப வரும்னு சொல்லிடலாமே மாமா?"

அப்படி நம்பியவர்கள் இருந்தார்கள். பார்க்ஃபீல்ட் என்ற சிற்றூரில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறக்குறைய 22 ஆண்டுக்கு ஒரு முறை அளவு 6 வாக்கில் நிலம் நடுங்கி வந்தது. அடுத்தது 1993-க்குள் வரும் என்று அதிகாரபூர்வமாகவே அறிவித்து, ஊரைச் சுற்றிக் கருவிகளைப் புதைத்துக் காத்திருந்தார்கள். 1993 போனது, வரவில்லை. கடைசியில் 2004 செப்டம்பர் 28 அன்று வந்தது. அவ்வளவு கருவிகள் இருந்தும் முந்தைய நாள் நம்பத்தக்க எந்த அறிகுறியும் பதிவாகவில்லை. மொஹாவி பாலைவனத்தின் ஓரத்தில் பாலெட் ஓடை என்ற இடத்தில் கெரி சீ பிளவுக்குக் குறுக்கே குழி தோண்டி, அறுந்த மண் அடுக்குகளை எண்ணினார். பத்து பழைய நிலநடுக்கங்கள் கிடைத்தன. சராசரி இடைவெளி 130 ஆண்டு வாக்கில். ஆனால் அவை ஒழுங்காக வரவில்லை. இரண்டு மூன்று சேர்ந்து வந்திருக்கின்றன, அப்புறம் நீண்ட மௌனம். மொட்டைமாடிச் செங்கல் நினைவிருக்கிறதல்லவா? இத்தனாம் தேதி, இத்தனை மணிக்கு என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். உலகத்தில் அதிகக் கருவிகள் காத்திருந்த ஓர் இடத்திலேயே 11 ஆண்டு பிசகியது.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடலாம். கலிஃபோர்னியா ஒரு நாள் கடலுக்குள் விழுந்துவிடும் என்பார்கள். விழாது. பக்கவாட்டில் நகர்வது எப்படி விழும்? மேற்குப் பக்கத்தில் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் வடக்கே ஊர்ந்துகொண்டே போய், ஒன்றரைக் கோடி ஆண்டு வாக்கில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அக்கம்பக்கத்து ஊராகிவிடும், அவ்வளவுதான்.

இனி தண்ணீர். இந்த விஷயத்தில் எனக்கு நெஞ்சை அதிகம் தொடுவது இதுதான்.

அம்மியில் குழவி உரச உரச எது வைத்தாலும் மாவாகிறது. பிளவிலும் அப்படித்தான், லட்சக்கணக்கான ஆண்டுகள் பாறையும் பாறையும் உரசி, நடுவே களிமண் போன்ற நைசான மாவு ஒரு சுவராகச் சேர்கிறது. மலையிலிருந்து சரளை மண்ணுக்கடியில் ஊறி வரும் தண்ணீர் அந்தச் சுவரில் முட்டி நிற்கிறது. மேலே போக வழி தேடி ஏறுகிறது. நிலத்துக்கடியில் யாரோ தடுப்பணை கட்டி வைத்த மாதிரி. தெற்குக் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில், இண்டியோ என்ற ஊரில் ஆண்டு மழை 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தக் காய்ந்த மண்ணில், பக்கத்துக் குன்றுகளின் ஓரமாக விசிறிப் பனைகள் வரிசை கட்டி நிற்கின்றன. யாரும் வரிசையாக நடவில்லை. பிளவு போகும் வழியில் தண்ணீர் மேலே வருகிறது, தண்ணீர் வரும் இடத்தில் பனை முளைக்கிறது. அந்தச் சுனைகளை நம்பிக் கவீயா பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்திருக்கிறார்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி மட்டும் பறக்கும் தோட்டத்துக்கு இருபது அடி தள்ளிப் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பீய்ச்சும். கடினப் பாறை நாட்டில் தண்ணீர் என்பது பாறை இடுக்கில் இருப்பது, இடுக்கு சிக்கினால்தான் ஊற்று. அதனால் பிளவை ஒரு கேடாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

ஈரானின் பாலைவனத்தில் பாம் என்று ஒரு நகரம். பேரீச்சம்பழத்துக்குப் பேர்போன ஊர். அரேபியத் தட்டு வடக்கே முட்டித் தள்ளுவதால் ஈரானின் கிழக்கு ஓரத்தில் வடக்கு தெற்காகப் பல வலப்பெயர்ச்சிப் பிளவுகள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று பாம் நகருக்கும் பக்கத்துப் பரவாத் ஊருக்கும் நடுவே ஒரு நீளமான மேடாகவே தெரியும். அந்த மேட்டுக்கு மேற்கே நிலத்தடி நீர் தேங்கி உயர்ந்து நிற்கிறது. அங்கிருந்து கனாத் எனப்படும் சுரங்கக் கால்வாய்களைத் தோண்டி, மோட்டார் இல்லாமல், சரிவின் உதவியால் மட்டும் தண்ணீரைத் தோப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். ஈரானின் பாலைவன ஓரத்து ஊர்கள் பல இப்படிப் பிளவை ஒட்டியே இருக்கின்றன. மக்கள் தற்செயலாக அங்கே போய் உட்காரவில்லை. தண்ணீர் இருந்தது, போனார்கள்.

2003 டிசம்பர் 26. நம் கடற்கரையைச் சுனாமி அடித்ததற்கு சரியாக ஒரு வருடம் முன்பு, அதே தேதி. விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சற்று முன், ஊர் தூங்கிக்கொண்டிருந்தபோது பாம் நகரில் 6.6 அளவில் நிலம் நழுவியது. எல்லோருக்கும் தெரிந்த அந்த மேட்டில் நழுவவில்லை. அதற்குச் சில கிலோமீட்டர் மேற்கே, நகரத்துக்கு நேர் கீழே, மேற்பரப்பில் பெரிதாகத் தடம் காட்டாமல் கிடந்த இன்னொரு பிளவில். செயற்கைக்கோள் ராடார் படங்களை முன்னும் பின்னும் வைத்து ஒப்பிட்டபோதுதான் அது எங்கே இருக்கிறது என்றே தெரிந்தது. 26 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பச்சைச் செங்கல்லும் மண் சாந்தும் கொண்டு கட்டிய தடித்த சுவர்கள், அவற்றின் மேல் கனமான கூரைகள். பாலைவன வெயிலுக்கு அவ்வளவு குளிர்ச்சியான வீடுகள், பக்கவாட்டில் உலுக்கியதும் பொடிப்பொடியாக உள்ளே விழுந்தன. அந்தப் புழுதியில் மூச்சு விட இடம்கூட இல்லை. உலகத்தின் மிகப் பெரிய மண் கோட்டைகளில் ஒன்றான பாம் கோட்டையும் அன்று சரிந்தது.

இதோடு இன்னொரு பாலைவனத்தை வைத்துப் பார்க்கலாம். 2019 ஜூலை 4, 5 தேதிகளில் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ரிட்ஜ்கிரெஸ்ட் என்ற ஊருக்கு அருகே அடுத்தடுத்து 6.4, 7.1 என்று இரண்டு பக்கவாட்டுப் பெயர்ச்சிகள். 7.1 என்பது பாம் நகரை அழித்ததைப் போல ஐந்து மடங்குக்கும் கூடுதலான ஆற்றல். தார்ச்சாலையின் நடுக்கோடு லுங்கிக் கட்டம் மாதிரி அறுந்து விலகி நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். இறந்தவர் ஒருவர். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அங்கே பிளவு ஊருக்கு நேர் கீழே இல்லை, ஊரும் சிறியது. ஆனாலும் அங்கே சுவர்கள் நின்றதற்கு ஊரின் தூரம் மட்டும் காரணமில்லை. மரச்சட்டத்தில் கட்டிய, அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டு முடுக்கிய வீடுகள் ஆடின, விழவில்லை.

மலையை விட்டு இறங்கும்போது அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள்: "நம்ம ஊருக்கு வருமா?"

அவள் காட்டிய பாறைக்கே திரும்புகிறேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். பல்லாவரம் பக்கத்துப் பாறையும் இதுவே. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறைக் கல் இந்த வகையாக இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. இது 250 கோடி ஆண்டு வாக்கில் பழமையானது. பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, பெரும் சூட்டில் உருவாகி, மேலே இருந்த அத்தனையும் தேய்ந்து போனதால் இன்று வெயில் காய்கிறது.

அந்த ஆழத்தில் பாறை உடைவதில்லை. ஓமலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. சூடாக இருக்கும் பாகை இழுத்தால் நீளும், முறுக்கினால் முறுகும். ஆறிய அச்சு வெல்லத்தைத் தட்டினால் பட்டென்று உடையும். பிளவும் அப்படித்தான். மேலே 15 கிலோமீட்டர் வாக்கில் பாறை ஆறிய வெல்லம், அங்கேதான் சான் ஆண்ட்ரியாஸின் நிலநடுக்கங்கள் பிறக்கின்றன. அதற்குக் கீழே இளகிய பாகு, சத்தமில்லாமல் இழுபட்டு நகரும். சேலத்திலிருந்து ஆத்தூர் வரை, கல்வராயனுக்கும் பச்சைமலைக்கும் நடுவே வசிஷ்ட நதி ஓடும் பள்ளத்தாக்கை பஸ்ஸில் கடக்கிறோமே, அதன் நெடுக அப்படி இழுபட்ட பாறைகள் கிடக்கின்றன. மேற்கே பவானி, மோயாறு வரைக்கும் இதன் சொந்தங்கள் உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பக்கவாட்டில் இழுபட்ட தடங்களை இவற்றில் படித்திருக்கிறார்கள். இரண்டு நிலப்பரப்புகள் மோதி ஒட்டிய தையல் இது என்று சொல்வோரும் உண்டு. எதுவானாலும் இது ஆறிப்போன பழைய தழும்பு. இன்று இதன் இரு பக்கமும் ஒரே தட்டில், சேர்ந்தே பயணம் செய்கின்றன. வாலஸ் ஓடை மாதிரி வசிஷ்ட நதி ஒடிந்து ஓடவில்லை.

அதற்காக நடுங்கவே நடுங்காது என்று அவளிடம் சொல்லவில்லை. முழு இந்தியத் தட்டும் வடக்கே இமயத்தில் முட்டிக்கொண்டு நிற்பதால், நடுவே இருக்கும் பழைய தழும்புகளிலும் அழுத்தம் வரும், எப்போதாவது ஒன்று சற்று நகரும். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் அளவு 6 வாக்கில் நிலம் அதிர்ந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் வந்தது, சென்னை வரை மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். கட்டுமானத்துக்கான இந்திய நிலநடுக்க விதிகளின் 2002, 2016 பதிப்புகளில் சேலம் மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. நடுத்தர அபாயம் என்று பொருள். வீட்டைக் காலி செய்ய வேண்டிய அபாயம் இல்லை, வீடு கட்டும்போது கண்ணை மூடிக்கொள்ளக் கூடிய அபாயமும் இல்லை.

என் மச்சான் அயோத்தியாப்பட்டணத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். கீழே முழுக்க கார் நிறுத்த இடம், மேலே இரண்டு மாடி. பக்கவாட்டு உலுக்கலுக்கு மிகவும் பலவீனமான அமைப்புகளில் இதுவும் ஒன்று. மேலே சுவர்கள் சேர்ந்து ஒரு பெட்டி மாதிரி விறைப்பாக நிற்கும், கீழே தூண்கள் மட்டும் தனியாக அந்த ஆட்டத்தை வாங்க வேண்டும். அன்று மலையிலிருந்து நேராக அங்கேதான் போனோம். கீழ்த்தளத்தில் இரண்டு மூலைகளிலாவது முழுச் சுவர் எழுப்புவதைப் பற்றிப் பொறியாளரிடம் கேளுங்கள் என்று மச்சானிடம் சொன்னேன். லிண்டல் மட்டத்தில் ஜன்னலுக்கு மேல் மட்டும் போடாமல் வீட்டைச் சுற்றி முழுசாக கான்கிரீட் பெல்ட் ஓட்டுவது ஏற்கெனவே முடிவாகியிருந்தது, நல்லது.

தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளைக் கம்பி வேலைக்காரர் வளைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நுனியும் செங்கோணத்தில் மடங்கி நின்றன. அப்படி விட்டால் தூண் ஆடும்போது மேல்பூச்சு கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் அவிழ்ந்துகொள்ளும். நுனியை இன்னும் பாதிச் செங்கோணம் கூடுதலாக, தூணின் உள்பக்கமாகத் திரும்பும்படி மடக்க வேண்டும், உள்ளே இருக்கும் கான்கிரீட் அதைப் பிடித்துக்கொள்ளும்.

"நேரம் கொஞ்சம் கூட ஆகுங்களே" என்றார் அவர்.

"ஆகட்டுங்ணா" என்றார் மச்சான்.

அவர் ஒரு ரிங்கை எடுத்து, நுனியை உள்ளே திருப்பி மடக்கி எங்களிடம் நீட்டினார். அக்கா மகள் அதை வாங்கி, விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள்.